வயிற்று நோய்க்கு ஒரு சாட்சி

சாட்சி சொல்வதற்கு எனக்கு ஐம்பத்தொரு மணி நேரம் இருந்தது. திங்கட்கிழமை மாலை மூன்றரைக்கு மினி மாமி கொல்லயில் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார். கூட்டம் புதன்கிழமை மாலை ஆறரைக்கு.

மினி மாமி எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தின் செயலாளர். அவர் கையில் எப்போதும் ஒரு நீல நோட்டு இருக்கும். அதில் பன்னிரண்டு ஜெப விண்ணப்பங்கள். அதற்கு மேல் எழுதுவதில்லை. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒருவர் பொறுப்பு. அவர் வெள்ளிக்கிழமைதோறும் காலை உணவை விட்டுவிட்டு அந்த ஒன்றுக்காக மட்டும் ஜெபிப்பார். சுகம் கிடைத்தவர் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்ன பிறகுதான் அந்த வரியை அடிப்பார்கள். அடித்தால்தான் அடுத்த பெயர் ஏறும்.

ஏழாவது வரி என்னுடையது. 'பின்சியின் வயிற்று நோய் நீங்க.' அதற்குப் பொறுப்பு மினி மாமியே.

"உனக்கு இப்ப சோறு எறங்குதா மக்கா?"

"எறங்குது மாமி."

"உனக்க அம்மைக்க மொகத்தப் பாத்தாலே தெரியுது. பொறவு என்ன? புதன்கிழம எழும்பி ரண்டு வார்த்தை சொல்லு. காரோடு ஊருல ஒரு பிள்ளைக்கு கிட்னி ஆப்பரேசன். அவளுக்க பேர எழுத எடமில்ல."

அம்மா சாயா கொண்டுவந்தாள். மாமி தம்ளரைத் தள்ளி வைத்தார்.

"எனக்கு வேண்டாம். நெஞ்செரிச்சல். நாப்பத்தாறு வெள்ளிக்கிழம பட்டினி கெடந்து இவளுக்க வாயு எனக்கு வந்தாச்சு."

அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

என் வயிற்றில் எந்த நோயும் இருந்ததில்லை. வேதியியல் படித்து முடித்ததும் திருவனந்தபுரத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு லேபில் வேலை கிடைத்தது. பாறசாலையிலிருந்து காலை ரயிலில் போவேன். மூன்றாவது வாரம், நெய்யாற்றின்கரை தாண்டியதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்தன. சாகப்போகிறேன் என்று உறுதியாகத் தெரிந்தது. பாலராமபுரத்தில் இறங்கி உட்கார்ந்திருந்தேன். சாகவில்லை. மறுநாள் ரயில்நிலையத்துக்குள்ளேயே நுழைய முடியவில்லை. வேலை நின்றுபோனது. அடுத்த மாதம் சமையலறையிலும் அது வந்தது. ஈசிஜி சரியாக இருந்தது. இதய டாக்டர் என்னை மனநல டாக்டரிடம் அனுப்பினார்.

அட்ரினலின் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் அது குறையவில்லை.

மினி மாமி அப்போது விசாரித்தபோது அம்மா யோசிக்காமல் சொன்னது, வயிறு.

மாத்திரையுடன் டாக்டர் ஒரு வேலையும் கொடுத்தார். ரயிலில் ஒரு ஸ்டேஷன் மட்டும் போய்த் திரும்ப வேண்டும். அது பழகிய பிறகு இன்னொன்று. முதல் ஸ்டேஷனான தனுவச்சபுரம் வரை போவதற்கே ஆறு வாரம் ஆனது. கதவருகில் நின்று, "ஆண்டவரே, அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் கூட இரும்" என்று கேட்பேன். அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை. அவர் இருந்தார் என்றே சொல்ல வேண்டும். பதினோரு மாதத்தில், திருவனந்தபுரத்துக்கு முந்தைய நேமம் வரை வந்துவிட்டேன். இதில் மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, ஜெபத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றை நிறுத்திப் பார்க்கும் துணிவு எனக்கு வந்ததில்லை.

மாமி போனதும் அம்மாவிடம் சொன்னேன்.

"பொய் சாட்சி என்னால சொல்ல ஒக்காது."

"என்ன பொய்யி? நேத்து மூணு பரோட்டா தின்னியா இல்லியா? வயிறு நல்லாத்தானே உண்டு."

"மாமி பட்டினி கெடக்குதது எனக்க வயித்துக்காக."

"அப்ப எழும்பி நிண்ணு எனக்கு மண்டைக்கு வழியில்லண்ணு சொல்லப்போறியா? பெண்ணு பாக்க ஒருத்தன் வருவானா? வட்டு, பைத்தியமுண்ணு சொல்லுவினும் பிள்ளே."

அம்மா தீயவள் அல்ல. அவளுக்கு அவளுடைய பயம்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல நேமம் வரை போய்த் திரும்ப ரயில் ஏறினேன். அமரவிளையில் ஆண்டவரிடம் கேட்டேன், நாளைக்குக் காய்ச்சல் தாரும். நெய்யாற்றின்கரையில் கேட்டேன், மழையாவது தாரும், கூட்டம் நடக்கக்கூடாது. பாலராமபுரம் வந்தபோதுதான் நான் கேட்பது என்னவென்று கவனித்தேன். அந்தப் பொய் இன்னும் கொஞ்ச நாள் நிற்பதற்கு அவருடைய உதவியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. பிறகு எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, நடந்ததை நடந்தபடி மனதுக்குள் அவரிடம் சொன்னேன். முதலில் இருந்து, ஒன்றும் விடாமல். அவருக்குத் தெரியாதது அதில் எதுவும் இல்லை.

சொல்லி முடித்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். திருவனந்தபுரம். நேமத்தில் இறங்க மறந்துபோயிருந்தேன்.

பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நாடியை எண்ணினேன். எழுபத்தெட்டு. ஒரு வருடமாக என் பெயருக்கு எதிரே தவறான நோய் எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் உதவி சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. ஆண்டவர் நோட்டைப் பார்த்து எதுவும் செய்யவில்லை. அப்படியென்றால் இனி இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் மனிதர்கள் மட்டும்தான். அந்த எண்ணம் எனக்குத் தைரியம் தரவில்லை. வேலை எங்கே மிச்சமிருக்கிறது என்பது தெரிந்தது, அவ்வளவுதான்.

புதன்கிழமை காய்ச்சல் வரவில்லை. மழையும் இல்லை.

கூட்டம் மினி மாமியின் வீட்டில். முன்னறையில் பாய் விரித்திருந்தார்கள். இருபத்து மூன்று பேர். எங்கள் சபையை நடத்தும் ஈசாக் உபதேசியார் ஜெபித்து முடித்ததும் மாமி நோட்டைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ஏழாவது விண்ணப்பம். நம்ம பின்சி. பிள்ள கொஞ்சம் கூச்சக்காரி, எல்லாரும் ஒண்ணு சிரிச்ச மொகமா இரியுங்க."

"உபதேசியாரே, நீங்க சிரிக்காண்டாம், பிள்ள பயந்துரும்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். உபதேசியாரே முதலில் சிரித்தார்.

எழுந்தேன். உடனே அது வந்தது. நெஞ்சு, பிறகு விரல்கள், பிறகு உதட்டைச் சுற்றி மரத்துப்போதல். மூச்சை வேகமாக விட்டால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், அதனால்தான். மெதுவாக விட்டேன். அது போகவில்லை. போகாமலேயே நிற்க முடிந்தது.

பக்கத்தில் இருந்த அம்மா என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்தாள். இழுக்கவில்லை, பிடித்திருந்தாள்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றேன்.

"ஸ்தோத்திரம்" என்றார்கள்.

"எனக்கு சுகம் உண்டு. முழுசா இல்ல. நேத்து திருவனந்தபுரம் வரைக்கும் போனேன்."

"வயிறு எப்படி இருக்குண்ணு சொல்லு மக்கா" என்றார் மினி மாமி. பேனா ஏழாவது வரியின் மேல் இருந்தது.

"அடிக்காண்டாம் மாமி. அந்த வரி தப்பாக்கும்."

மாமி நிமிர்ந்து பார்த்தார். நான் உபதேசியாரையோ அம்மாவையோ பார்க்கவில்லை. மாமியை மட்டும் பார்த்துச் சொன்னேன்.

"எனக்க வயித்துல ஒருநாளும் நோய் இருந்ததில்ல. எனக்கு பயமாக்கும். ரயில்ல ஏறுனா, ஆள் கூடுனா, சாவப்போறேன்னு தோணும். இப்பவும் தோணுது. நெய்யாற்றின்கரையில மனநல டாக்டருக்க மாத்திர பதினோரு மாசமா திங்குதேன்."

மாமி ஏழாவது வரியில் 'வயிற்று நோய்' என்பதை மட்டும் அடித்து, அதன் மேல் 'பயம்' என்று எழுதினார்.