சைவக்காரருக்கு மட்டும்

வாடகைக்கு விட வீடு கட்ட நினைக்கும் புதியவர்களுக்கு ஒரு புத்திமதி. முதலில் என்னைக் கட்டின மனிசனைப் பாருங்கள். அவர் செய்ததில் எதையும் செய்யாமல் விட்டாலே நன்றாக வந்துவிடுவீர்கள்.

என் மனிசன் கிளின்ரன் ஊர்காவற்றுறைக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். சொந்தமாக ஒரு பைபர் வள்ளம், எஞ்சின், வலை எல்லாம் வைத்திருந்தார். வலை வெறுமையாய் வந்த நாளிலும் எங்கள் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்படி இருந்தவருக்குப் போன் வீடியோவில் ஒரு குரு கிடைத்தார். சென்னையில் இருந்து பேசுகிறவர், கழுத்தில் ரை, பின்னால் கண்ணாடிக் கட்டடம். "நீங்கள் தூங்கும்போதும் வீடு சம்பாதிக்கும்" என்று அவர் சொன்னதைக் கேட்டு, படுத்திருந்த என் மனிசன் எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

"இஞ்சருமப்பா, கடலுக்கு நான் போனால்தானே உழைப்பு? வீடெண்டால் படுத்திருக்க உழைக்குமாம்."

"படுத்திருக்கிற வேலை உங்களுக்கு நல்லாத் தோதுப்படும்" என்றேன். அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

வள்ளத்தையும் எஞ்சினையும் வலையையும் அயலில் இருக்கிற டிலோன் வாங்கினான். அந்தக் காசில் எங்கள் வளவின் கடற்கரைப் பக்க மூலையில் வீடு எழும்பியது. இரண்டு அறை, குசினி, உள்ளுக்குள்ளேயே பாத்றூம், நிலமெல்லாம் மாபிள். நாங்கள் இருக்கிற வீட்டுக்கு இன்னமும் வெடித்த சீமெந்துதான். கேட்டால், வாடகை வரட்டும் என்பார்.

முதலில் வந்தவர் அனலைதீவுச் சில்வெஸ்ரர் அண்ணை. அவரும் கடற்தொழில்தான். பிள்ளைகளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அட்வான்ஸ் காசும் கையில் இருந்தது. இப்படி ஒரு குடும்பம் மாதாவே அனுப்பினால்தான் கிடைக்கும். ஆனால் குரு வேறு மாதிரிச் சொல்லியிருந்தார். சைவம் சாப்பிடுகிறவர்களாகப் பார்த்து விட்டால் வீடு மணக்காது, சுவரில் எண்ணெய் பிடிக்காது என்று. ஆகவே வாசல் படலையில் முன்னமே ஒரு பலகை தொங்கியது. "வீடு வாடகைக்கு. சைவக்காரருக்கு மட்டும்." இத்தனை வருசம் மீன் பிடித்த கையால் அவரே எழுதியது.

"தம்பி, உது நீர் எழுதினதோ?" என்று சில்வெஸ்ரர் அண்ணை கேட்டார்.

"ஓம் அண்ணை. குறை நினையாதேங்கோ. காசு முதல் போட்டால் முகம் பார்க்க ஏலாது."

"அப்ப நீர் என்ன சாப்பிடுறனீர்?"

என் குசினியில் இருந்து கருவாட்டுக் குழம்பு மணந்துகொண்டிருந்தது. அவர்கள் படலையைச் சாத்திவிட்டுப் போனார்கள்.

பிறகு றஞ்சனி ரீச்சர் வந்தார். வவுனியாவில் இருந்து மாற்றலாகி வந்தவர், நெற்றி நிறைய விபூதி, அசல் சைவம். மனிசன் கதிரையைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். குரு பாவம், எல்லாம் சொன்னவர்தான். வேலிக்கு அப்பால் ஊர் முழுக்கக் கருவாடு காயும் என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். காற்று அந்தப் பக்கத்தால் வீசத் தொடங்கியதும் ரீச்சர் யன்னல்களைப் பூட்டினார். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். மாதம் முடியுமுன்னே பெட்டியோடு முற்றத்துக்கு வந்துவிட்டார்.

"அண்ணை, நான் போறன். கோயிலடியில ஒரு பெரிய வீடு கிடைச்சிருக்கு. வீட்டு ஆக்கள் சுவிஸில. விளக்குக் கொளுத்தி, தென்னைக்குத் தண்ணி விட்டால் காணுமாம்."

"வாடகை எவ்வளவாம்?"

"வாடகையோ? கரண்ட் காசும் அவையே கட்டுவினமாம்."

எங்கள் தீவுகளில் பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்குக் குறைவில்லை. கறையான் தின்னாமல் யாராவது குடியிருந்தால் போதும் என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் கெஞ்சிக் கேட்கிறார்கள். இது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இறுப்பிட்டியில், வெளிநாடு போன தன் சித்தியின் வீட்டில் சும்மா இருக்க ஓர் ஆளைத் தேடி மாதக்கணக்கில் அலைந்தவரே என் மனிசன்தான். அந்த மனிசன்தான் வள்ளத்தை விற்று வாடகை வீடு கட்டினார். உள்ளதும் போச்சுதடா நொள்ளைக் கண்ணா.

பலகையைக் கழற்றிவிட்டுச் சில்வெஸ்ரர் அண்ணையைத் தேடிப் போனார். அவரும் ஒரு லண்டன்காரரின் வீட்டில் சும்மா குடியேறியிருந்தார். நல்ல மனிசன், தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

பிறகு ஒருவரும் வரவில்லை. கடைசியில் டிலோன் வந்தான்.

"கிளின்ரன் அண்ணை, எஞ்சினையும் வலையளையும் வைக்க எனக்கு ஒரு இடம் வேணும். உந்த வீடு சும்மாதானே கிடக்கு? ஏதோ வாடகை தாறன். வள்ளத்துக்கும் ஒரு ஆள் குறையுது. நீங்கள் வருவியளோ?"

மனிசன் ஓம் என்று தலையை ஆட்டினார்.

"எஞ்சின் சைவமோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ" என்றேன் நான். டிலோன் விழுந்து விழுந்து சிரித்தான். மனிசன் சிரிக்கவில்லை. சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதே நினைத்தேன்.

இப்போது மாபிள் நிலத்தில் எஞ்சின் படுத்திருக்கிறது. விடியுமுன் என் மனிசன் தன் வாடகை வீட்டைத் தானே திறந்து, தான் விற்ற எஞ்சினைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு, டிலோனுக்குப் பின்னால் கூலிக்குப் போகிறார். குரு பயந்த எண்ணெய் சுவரெல்லாம் பிடித்துவிட்டது.

நேற்றுப் பின்னேரம் அதைத் துடைக்கலாம் என்று பழந்துணியோடு போனேன். அவர் முதலே அங்கே குந்தியிருந்தார். மாபிளையோ சுவரையோ அவர் பார்க்கவில்லை. உடுத்திருந்த சாரத்தின் தலைப்பால் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. துணியை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.