ஒரே துணியில் இரண்டு கோட்டு

பாங்காக்கில் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வெயிலிலும் வனிடா கம்பளிக் கோட்டு தைத்துக்கொண்டிருந்தாள். கணவன் கிரிசடாவுக்கு ஆண்டுக் கடைசியில் ஜப்பானில், பனி கொட்டும் சப்போரோவில் வேலை.

"நாய் வளர்க்கணும்னா அங்க போய் வாங்கிக்கலாம். அதுங்க பனிக்குப் பழகினது. நம்ம சந்து நாய் டாம் அங்க விறைச்சுப் போயிடும். ஊசி, ரத்தப் பரிசோதனைன்னு மாசக்கணக்கா இழுத்தடிப்பாங்க வேற," என்றான் அவன்.

"அதான் நேத்தே முதல் ஊசி போட்டாச்சு. இந்தா, போட்டுப் பாரு."

கோட்டு கிரிசடாவுக்குக் கச்சிதமாக இருந்தது. கண்ணாடியில் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். அப்போது டாம் உள்ளே வந்தது, அதன் மேலும் ஒரு கோட்டு. குளிர்காலத்தில் சந்துக்காரர்கள் மாட்டிவிடும் பழைய பனியன் அல்ல இது. அதே கம்பளி, அதே பொத்தான்.

சந்து முனையில் பைக் டாக்சி ஓட்டும் ஆள் வாசலிலிருந்து கத்தினான்: "அண்ணே, தம்பி பக்கத்துல நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்!"

"போடா, வேலையப் பாத்துக்கிட்டு!"

கிரிசடா முறைத்தபடியே குனிந்து, டாமின் கோட்டுக் கழுத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

"என்னடி தைச்சிருக்க? புள்ளைக்குக் கழுத்தப் பிடிக்குது பாரு."