பொழுது சாயும் முன்

கடலே இல்லாத திருவண்ணாமலையில் சுருதிக்கு வைத்த பேனரில் அவள் கையில் ஒரு துடுப்பு இருந்தது. அவள் ஓட்டியதோ பாய்மரப் படகு. துடுப்புக்கு அதில் வேலையே இல்லை. ஆசிய சாம்பியன், இரண்டு ஒலிம்பிக் பார்த்தவள், பாராட்டு விழா மேடையில் ஒரு வெள்ளித் துடுப்பை வேறு சிரித்தபடி வாங்கிக்கொண்டு வேங்கிக்கால் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். திருத்திச் சொல்லக்கூடத் தெம்பில்லை.

காற்று படகைச் சாய்க்கும்போதெல்லாம் விளிம்புக்கு வெளியே உடம்பைத் தொங்கவிட்டு நிமிர்த்தி நிமிர்த்தியே, முப்பது தாண்டியதும் முதுகும் முட்டியும் கிழடு தட்டிவிட்டன. அடுத்த ஒலிம்பிக்குக்கு வருகிறாயா என்று கோச் முருகவேல் இன்று சாயந்தரத்துக்குள் பதில் கேட்டிருந்தார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. படகை விட்டால் வேறென்ன தெரியும் அவளுக்கு?

"பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடு," என்று அம்மா ஜினமதி தட்டை வைத்தாள். ஜைனக் குடும்பம், இருட்டிய பிறகு அந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள்.

"நீயும் உக்காரும்மா."

"எனக்குப் பசியில்ல."

நேற்றும் இதே பதில்தான். அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போனதும் அப்பா தர்மசந்திரன் குரலைத் தாழ்த்தினார்.

"அவ சாயந்தரம் சாப்பிடறதில்லம்மா. விட்டு வருசக்கணக்காச்சு."

"ஏம்ப்பா?"

"ராத்திரியும் சாப்பிட்டு எடை ஏத்தணும்னு கோச் சொல்றார்னு ஃபோன்ல சொன்னியே. புள்ள ராத்திரி சாப்பிடறா, அதுக்கு பதிலா நான் ஒரு வேளை விட்டுடறேன்னு சொன்னா. நீ படகு ஓட்டற வரைக்கும்."

அன்று ஃபோனில் அம்மா, "உடம்புக்கு வேணும்னா சாப்பிடு," என்று மட்டும்தான் சொன்னாள். லேசான உடம்பு பலத்த காற்றுக்குத் தாங்காதென்று ராத்திரி ராத்திரி வேண்டா வெறுப்பாகச் சோற்றை அடைத்துக்கொண்டிருந்தாள் சுருதி. இங்கே ஒருத்தி வயிற்றைக் காயப் போட்டிருக்கிறாள். கோபம் கோபமாக வந்தது, அம்மா மேலும், தன் மேலும்.

ஃபோனை எடுத்து, "முடியல சார், போதும்" என்று கோச்சுக்கு அனுப்பினாள். அம்மா செம்போடு வந்தாள். சுருதி இன்னும் கை வைக்காத தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நான் நிறுத்திட்டேம்மா. இனிமே நீ சாப்பிடு."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "எனக்காக விட்டியா? அப்படின்னா வேணாம்."

"இல்லம்மா. என்னால முடியல. ரொம்ப நாளாவே முடியல."

யாரிடமும் சொல்லாததைச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அம்மா அவள் முட்டியைத் தடவிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே சூரியன் மலைக்கு மேலே இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

இரண்டு வாய்தான் உள்ளே போனது. மூன்றாவதை விழுங்க முடியவில்லை.

"பழக்கம் விட்டுப்போச்சுடி," என்று அம்மா சிரிக்கப் பார்த்தாள்.

தட்டில் மிச்சம் வைப்பதும் அந்த வீட்டில் கிடையாது. சுருதி அதைத் தன் பக்கம் இழுத்து, வெளிச்சம் போவதற்குள் வேகவேகமாகச் சாப்பிடத் தொடங்கினாள்.