சீல் வைத்த நோட்டு

ஐந்தாவது முறையாக வாய்தா என்றதும் தேசப்பனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பக்கத்தில் நின்ற செவ்வந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் புருஷன் லோகநாதன் பதினோரு மாதமாக ஜெயிலில் இருக்கிறான். நாட்டின் ரகசியத்தை நோட்டில் எழுதி வைத்தான் என்று வழக்கு.

ரகசியமாவது மண்ணாவது. லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்த யாருக்கும் அந்த நோட்டு இன்னதென்று தெரியும். கடலுக்கடியில் பாறைத் திட்டு இருந்தால் மீன் அங்கேதான் அடையும், மேலே வெறும் தண்ணீர்தான் தெரியும். கரையில் தெரிகிற இரண்டு உயரங்களை நேர்பிடித்துத்தான் அந்த இடத்துக்குத் திரும்பிப் போக முடியும். வடக்கே தீவில் ராக்கெட் விடுகிற கோபுரத்தைவிட உயரமானது இந்தக் கரையில் வேறென்ன இருக்கிறது? லோகநாதன் அதைத்தான் தேதி போட்டுப் படம் படமாக வரைந்து வைத்திருந்தான். இடம் காட்டுகிற ஜி.பி.எஸ். மெஷினில் ஏற்றினால் ஊருக்கே தெரிந்துவிடும் என்பான்.

பக்கத்து வீட்டுக்காரனான தேசப்பனுக்கும் காட்டமாட்டான். அதுதான் தேசப்பன் வயிற்றெரிச்சல். ஒரே நேரத்தில்தான் இருவரும் போட்டைத் தள்ளுவார்கள். அவனுக்கு வஞ்சிரம் விழும், இவனுக்கு விலை போகாத காரப்பொடி மீன். ஒருநாள் தேசப்பன் பெண்டாட்டியே, "லோகு அண்ணனுக்கு ராசியான கை" என்று சொல்லிவிட்டாள். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கரைக்கு வந்த போலீஸ்காரரிடம் போனான். "அந்தாளு ராக்கெட் கோபுரத்தையே வரைஞ்சிகினு கீறான் சார்" என்று போட்டுக்கொடுத்தான். நோட்டைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு தட்டு தட்டி அனுப்புவார்கள் என்றுதான் நினைத்தான். ஆளையே கொண்டுபோனார்கள். மீன் பிடிக்கிற அடையாளம் என்று லோகநாதன் சொன்னதற்கு, மாட்டினவன் வேறென்ன சொல்வான் என்றார்கள்.

நோட்டுக்குச் சீல் வைத்தார்கள். தேசப்பன் கொடுத்த வாக்குமூலமும் அதே உறைக்குள் போயிற்று, நகல் யாருக்கும் கிடையாது. விசாரணையே கதவைச் சாத்திக்கொண்டுதான். நோட்டிலிருப்பது ரகசியம்தானா என்று மேலிடத்திலிருந்து காகிதம் வரவேண்டும். அது வரவில்லை என்று ஒவ்வொரு முறையும் அரசு வக்கீல் தேதி வாங்கினார். போலீஸ் தரப்புச் சாட்சியாகச் சம்மன் வந்து போன தேசப்பனை, அது தெரியாமல், சிநேகிதனுக்காக அலைகிறான் என்று ஊர் மெச்சியது. அவனோ, உள்ளே கூப்பிட்டால் தன் குட்டு உடையுமே என்று வாய்தா கேட்டு வேண்டிக்கொண்டான். போலீஸ் வேன் ஜன்னலில் செவ்வந்தி புருஷனைப் பார்க்கிற பார்வையைக் கண்டால் அதற்கும் வயிறெரிந்தது. நான் உள்ளே போனால் என்னவள் இரண்டு பஸ் மாறி வருவாளா என்று யோசித்தான்.

அன்று திரும்புகிற பஸ்ஸில் செவ்வந்தி சொன்னாள். "ண்ணா, ஜெயில்ல பாத்தப்ப அவரு உங்களாண்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு."

"இன்னா?"

"கோபுரத்து உச்சி சவுக்குத்தோப்பு நடுவுல வரணுமாம். லைட்ஹவுஸு தண்ணி டேங்க மறைக்கணுமாம். அங்க வலைய உடச் சொன்னாரு. எனக்காவ பொழப்ப உட்டுட்டு வாய்தாவுக்கு வர்றான், அவன் வலை காயக்கூடாதுன்னாரு."

தேசப்பன் ஊர் வரும்வரை அந்த இரண்டு அடையாளத்தையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தான்.

விடிந்ததும் போனான். இழுக்க முடியாத அளவுக்கு வஞ்சிரம். பத்து வருஷம் ஏங்கியது கைக்கு வந்தது. பெண்டாட்டி அவன் கையை ராசியான கை என்றாள். அன்றும் சோறு இறங்கவில்லை.

ஆறாவது தேதிக்கு முதல் ஆளாகப் போய் லோகநாதனின் வக்கீலைப் பிடித்தான். "அது மீனு எடத்துக்கு அடையாளம் சார். உள்ள கூப்ட்டா நானே சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்."

வக்கீல் அவனை உற்றுப் பார்த்தார். "அவங்க சாட்சி வாயாலயே அது வரணும்யா. இன்னிக்கு உன்னை விசாரிச்சா போதும், அவனுக்கு ஜாமீன் கெடைச்சிரும்."

சாத்திய கதவுக்கு வெளியே தேசப்பன் தன் பேரைக் கூப்பிடக் காத்து நின்றான். கதவு திறந்தது. காகிதம் இன்னும் வரவில்லையாம். இரண்டு மாதம் தள்ளி தேதி கொடுத்திருந்தார்கள்.

"நான் சொல்லணும் சார், இப்பவே சொல்லணும்" என்று வக்கீலின் கையைப் பிடித்தான். அடுத்த தேதியில் பார்க்கலாம் என்றார் அவர்.

லோகநாதனை வேனுக்கு அழைத்துப் போனார்கள். இளைத்திருந்தான். தேசப்பனைக் கண்டதும் நின்றான்.

"மீனு பட்டுச்சா?"

"பட்டுச்சு."

"எனக்குத் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே ஏறினான். விலங்கு மாட்டிய கையோடு ஒருத்தனால் இப்படிச் சிரிக்க முடிகிறதே என்று, அப்போதும் தேசப்பனுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.