அந்தச் சட்டை யாருடையது

நெம்மேலிக்குப் பக்கத்தில் கடலோரமாக இருக்கும் ரிசார்ட்டில், சலவை அறையில் எனக்கும் செங்கம்மாளுக்கும் இஸ்திரி போடுகிற வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே ஆவியில் வேக வேண்டும். செங்கம்மாளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. இனிமேல் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் உட்கார்ந்து பார்க்கிற வேலை கவுண்டர் ஒன்றுதான். விருந்தினர்களின் துணியை வாங்கிப் பெயர்ச்சீட்டுக் கட்ட வேண்டும். வெளுத்து வந்ததும் இது இன்னாருடையது என்று இங்கிலீஷில் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு பரீட்சை. தேறாவிட்டால் அவள் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ரிசப்ஷன் ஹேமந்த் எங்களுக்குப் பாடம் எடுத்தான். ஒன்று என்றால் டவல், நிறைய என்றால் டவல்ஸ். ஒருவருடையது என்றால் பெயரின் வாலில் ஒரு ஸ். எனக்கு எல்லாம் ஒரே ஸ்ஸாகத்தான் கேட்டது, பாம்புப் புற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி. பத்தாவது படித்த செங்கம்மாளோ கப்பென்று பிடித்துக்கொண்டாள். இஸ்திரி போடும்போதுகூட 'ரெஜினாஸ் பேக், ரெஜினாஸ் பேங்கிள்ஸ்' என்று என்னையே உதாரணமாக்கி உயிரை வாங்கினாள்.

பரீட்சையன்று மேனேஜர் ஹரிகிருஷ்ணன் சார் மேஜையில் துணிகளைப் பரப்பி, ஒவ்வொன்றும் யாருடையது என்று கேட்டார். 'மார்கரெட்ஸ் ஸ்கர்ட், பெஞ்சமின்ஸ் சாக்ஸ்' என்று கடகடவெனச் சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியில் இரண்டு வெள்ளைச் சட்டைகளைப் பார்த்ததும் வாயடைத்து நின்றாள். சீட்டை எட்டிப் பார்த்தேன். சுப்பிரமணி என்று போட்டிருந்தது. அது அவள் புருஷன் பெயர்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். மகளுக்குக் கல்யாணமாகியும் ஒரு தரம் சொன்னதில்லை. கோயிலில்கூட முருகா என்பாளே தவிர அந்தப் பெயரை எடுக்க மாட்டாள். எங்கள் தோட்டக்காரருக்கும் அதே பெயர். அவர் இவளுக்குத் 'தோட்டத்து அண்ணாத்த'.

சார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவதா? அது அவள் வீட்டுக்காரர் பெயர் என்று போட்டு உடைத்துவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "அதே பேர்ல கெஸ்ட் வந்தா என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

செங்கம்மாள் அனுமதி கேட்டுப் போனை எடுத்தாள். சுப்பிரமணி கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஸ்பீக்கரில் ஒரே ஹாரன் சத்தம்.

"ஏங்க, வேலைக்கு உங்க பேர சொல்லணுமாம். சொன்னா உங்களுக்கு எதுனா ஆயிடுமோன்னு பயமா கீது," என்றாள்.

ஆட்டோவை அவர் ஓரங்கட்டியது கேட்டது.

"ஊரே சொல்லுது, எனக்கு இன்னா ஆயிடுச்சு? நீ மட்டுந்தான் சொன்னதில்ல. சொல்லு செங்கம்மா, நானும் கேக்கறேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சுப்பிரமணிஸ் ஷர்ட்ஸ்."

சார் மறுபடி பேனாவைத் திறந்தார். திங்கட்கிழமையிலிருந்து கவுண்டரில் உட்காரச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. போனில் மட்டும் பேச்சைக் காணோம். செங்கம்மாள் பதறிப்போய், "ஏங்க, நல்லா கீறீங்களா?" என்று கேட்டாள்.

"நல்லாதான் கீறேன்," என்றார் அவர். "இன்னொரு தபா சொல்லு."