லட்டுவின் முதுகுக்கு எழுபத்தைந்து கிலோ

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பப்பாளியால் வந்தது.

வாரப் பத்திரிகை ஒன்றின் சிறப்பிதழுக்கு என் புகைப்படம் கேட்டிருந்தார்கள். இருபத்தாறு வருடமாகத் தொடர்கதைகளில் ஆட்களைக் கொன்று வருபவனுக்கு இவ்வளவு கன்னம் ஆகாது என்று எனக்கே பட்டது. வாட்ஸ்அப்பில் வந்த 'ஏழே நாளில் ஐந்து கிலோ' அட்டவணையைப் பிடித்துக்கொண்டேன். முதல் நாள் பழம், அதிலும் பப்பாளி. இரண்டாம் நாள் காய். மூன்றாம் நாள் இரண்டும். நான்காம் நாள் யாரைப் பார்த்தாலும் கோபம் (இது அட்டவணையில் இல்லை). ஏழாம் நாள் முடிவில் மூன்றரைக் கிலோ குறைந்திருந்தது. பெருமை தாங்கவில்லை. பல்லடத்தில் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் நண்பருக்குப் போன் போட்டேன்.

"எளைச்சுப்போட்டோம்னு ரொம்ப ஆடாதீங்க," என்றார் அவர். "என்ற பண்ணையில லாரி ஏறுற கோழி, பாலக்காடு போறதுக்குள்ள நூறு கிராம் கொறையுதுங்க. அது எளைச்சதுங்களா? தாகம்ங்க. தண்ணி காட்டினா பாதி எடை திரும்ப வந்துரும்."

போனை வைத்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். கதை வந்துவிட்டது.

2

முதல் ஆரம்பம்:

"குளிர்பதனக் கிடங்கின் கதவைத் திறந்த இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டார். முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. அந்தக் கையில் பாதி கடித்த கேரட்…"

வேண்டாம். பழக்கதோஷம்.

இரண்டாவது:

"டயட்டீஷியன் நவ்யா புன்னகைத்தாள். அன்னாசிப் பழத்தில் ஊசி இறங்கிய தடம் அவள் ஒருத்திக்குத்தான்…"

"ஏனுங்க, இதுவும் வேண்டாம்," என்றாள் என் மனைவி வரலட்சுமி, தோளுக்குப் பின்னால் நின்று படித்தபடி. என் எல்லாக் கதைகளுக்கும் முதல் வாசகி. கொலைகாரன் யாரென்று மூன்றாம் பத்தியிலேயே சொல்லிவிடுவாள். "படிக்கறவங்களுக்கு என்ன வேணும்? அதைத் தின்னா எளைக்குதா, இல்லையா? அதை எழுதுங்க."

மூன்றாவது:

"சண்முகப்பிரியாவுக்கு ஒரு குதிரை வேண்டும். குதிரைக்குச் சண்முகப்பிரியா நாலு கிலோ நானூறு கிராம் அதிகம்."

வரலட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இது நிற்கும்.

3

சண்முகப்பிரியா, வயது நாற்பத்து நான்கு. பல்லடம் பக்கம் கணவர் கிருபாசங்கரோடு கறிக்கோழிப் பண்ணை நடத்துகிறார். போன ஆடியில் அந்தியூர்க் குதிரைச் சந்தையைச் சும்மா பார்த்துவிட்டு வரலாமென்று போனவர், செம்மண் நிறப் பெண்குதிரை ஒன்றின் முன்னால் நின்றார். நின்றவர் நகரவில்லை. குதிரையின் பெயர் லட்டு. குட்டியாக இருந்தபோது ஒரு கல்யாண மண்டபத்தில் புகுந்து ஒரு தாம்பாளத்தைக் காலி செய்ததில் கிடைத்த பெயர்.

சண்முகப்பிரியா ஏறி உட்கார்ந்தார். லட்டு காதுகளைப் பின்னால் மடித்தது.

"எறங்குங்க அம்மணி," என்றார் குதிரைக்காரர் சென்னிமலை. "இது சின்ன முதுகுங்க. எழுவத்தஞ்சு கிலோவுக்கு மேல யாரையும் ஏத்தமாட்டேன். கொறைச்சுப்போட்டு வாங்க. அடுத்த ஆடிச் சந்தை வரைக்கும் யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கறேன். அதுக்கு மேல முடியாதுங்க. தாராபுரத்துக்காரர் ஒருத்தர் இப்பவே கேட்டுட்டு நிக்கறாரு."

ஒரு வருடம்! முந்நூற்று அறுபத்தைந்து நாள்! சண்முகப்பிரியா என்ன செய்தார்?

(வாசகரே, நீங்கள் என்ன செய்திருப்பீர்களோ, அதையேதான்.)

சந்தைக்கு ஏழு நாள் இருக்கும்போது, தீவன மூட்டை நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசில் ஏறினார். 79.4.

3-அ

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். ஒரு கிலோ கறிக்கு எவ்வளவு தீவனம் வேண்டுமென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய பெண்மணி, ஏழு நாள் பழ அட்டவணையை நம்புவாரா? பாத்திரம் இடிக்கிறதே. வரலட்சுமியிடம் கேட்டேன்.

"நம்பமாட்டா. ஆனா செய்வா."

"அதெப்படி?"

"நீங்க நம்பியா செஞ்சீங்க?"

பாத்திரம் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டது.

5

(4 எங்கே என்று தேடாதீர்கள். "கதை கனமா இருக்கு சார், ஒரே வாரத்துல எடையைக் குறைச்சுக் குடுங்க," என்றார் பத்திரிகை ஆசிரியர். குதிரைமேல் சண்முகப்பிரியாவுக்கு ஏன் இந்த ஆசை என்று சொல்லும் பகுதி அது. கொழுப்பு என்று நினைத்து வெட்டிவிட்டேன்.)

முதல் நாள் தர்ப்பூசணி, கொய்யா, பப்பாளி. இரண்டாம் நாள் சுரைக்காய், சௌசௌ, முட்டைக்கோஸ். எல்லாம் அவித்தது, எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. தராசு 77.8 என்றது. மூன்றாம் நாள் 76.9. கொட்டகையில் கோழிகளின் வயது, தீவனம், எடை எழுதித் தொங்கவிடும் அட்டைகளில் ஒன்றை எடுத்து, கிருபாசங்கர் அதில் மனைவியின் பெயரை எழுதினார்.

"ஏம்புள்ள, மூணு நாள்ல ஆறு கிலோ உள்ள போயிருக்குது, ரெண்டரைக் கிலோ எடை கொறைஞ்சிருக்குது. இப்படி ஒரு பேட்ச்ச நான் பாத்ததேயில்ல."

"கண்ணு வெக்காதீங்க."

"கோழியா இருந்தா இந்நேரம் டாக்டருக்குப் போன் போட்டிருப்பேன்."

நான்காம் நாள் கொட்டகையில் தீவனம் கொட்டும்போது, மக்காச்சோள வாசனைக்குச் சண்முகப்பிரியாவின் வாயில் எச்சில் ஊறியது. கோழித் தீவனத்துக்கு! (ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார் என்றுதான் முதல் பிரதியில் எழுதினேன். வரலட்சுமி அடித்துவிட்டாள்.)

அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாததால் இங்கேயே: பழமும் காயும் இந்தக் கதையில் குற்றவாளிகள் இல்லை. அவசரம்தான் குற்றவாளி. உடம்பு, ஆபத்துக்கு உதவுமென்று ஈரலிலும் தசையிலும் கொஞ்சம் மாவுச்சத்தைத் தண்ணீரோடு சேர்த்துப் பதுக்கி வைத்திருக்கிறது. சாப்பாட்டைச் சட்டென்று நிறுத்தினால் முதலில் காலியாவது அந்தப் பதுக்கல். கூடவே தண்ணீரும் போகும். தராசு கூத்தாடும். பருப்பும் முட்டையும் காணாத உடம்பு அடுத்து தசையிலும் கை வைக்கும். கொழுப்பு மட்டும் யோசித்து யோசித்துத்தான் வீட்டைக் காலி செய்யும். ஏழு நாள் அதற்கு நோட்டீஸ் கொடுக்கக்கூடப் போதாது.

இதெல்லாம் சண்முகப்பிரியாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

6

சந்தை நாள். காலையில் 74.9.

ஜெயித்தாயிற்றா? இல்லை. நூறு கிராம் எந்த நேரமும் கட்சி மாறும். அதனால் சண்முகப்பிரியா தண்ணீரையும் நிறுத்திவிட்டார். திருப்பூர், பெருந்துறை, பவானி. கார் போகிற வழியெல்லாம் கரும்புச்சாறு வண்டிகள். பவானியில் இளநீர் சீவும் சத்தம் கேட்டுச் சண்முகப்பிரியா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு வாய் நனைச்சுக்க புள்ள," என்றார் கிருபாசங்கர்.

"வண்டிய எடுங்க."

அந்தியூரில் ஆடிக்காற்று புழுதியை வாரிக் கண்ணில் அடித்தது. சென்னிமலையின் பந்தலில் தவிட்டு மூட்டை நிறுக்கும் தராசு தயாராக இருந்தது. பக்கத்தில் தாராபுரத்துக்காரர், கையில் புதுக் கயிறோடு.

லட்டு தலையைத் திருப்பியது. காதுகள் முன்னால் வந்தன. இரண்டடி எடுத்து வைத்து, சண்முகப்பிரியாவின் தோளில் மூக்கை வைத்து ஊதியது.

"இதுக்கு என்னைய நெனப்பிருக்குதுங்களா?"

"ஒருக்கா மனசு வெச்சா மறக்காதுங்க அது," என்றார் சென்னிமலை.

சண்முகப்பிரியா அழுதிருப்பார். கண்ணில் தண்ணீர் இல்லை.

(இதோ, வெட்டிய பகுதி நான்கு திரும்பி வந்துவிட்டது. இனி அதைத் தடுக்க முடியாது.) இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ லட்சம் குஞ்சுகள். உள்ளங்கை அளவில் வரும். நாற்பது நாளில் லாரி ஏறும். கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, அடுத்த குஞ்சுகள். சண்முகப்பிரியா வளர்த்த எந்த உயிரும் அவர் முகத்தை இரண்டு மாதம் பார்த்ததில்லை. அடுத்த வருடமும் தன்னைத் தெரிந்துகொள்ளப் போகிற ஒரு மிருகம் வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இதையா கொழுப்பு என்று வெட்டினேன்? தசை ஐயா, தசை!

தராசில் ஏறினார். 74.3.

"கெலிச்சுப்போட்டே புள்ள!" கிருபாசங்கர் துள்ளினார். தாராபுரத்துக்காரர் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

சண்முகப்பிரியா தராசிலிருந்து இறங்கவில்லை. லட்டுவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் எடை போடுவதற்குச் சற்று முன்னால், எடையைக் கூட்டிக் காட்டக் கோழிகளுக்குத் தண்ணீர் காட்டிய ஒரு வேன்காரரை, ஊரே கூடும்படி அவர் திட்டித் தீர்த்தது போன மாதம்தான்.

"ஏனுங்க," என்றார் சென்னிமலையிடம். குரல் காய்ந்திருந்தது. "இது லாரி எடைங்க."

"புரியலீங்க அம்மணி."

"வழியில கொறைஞ்ச எடை. என்ற எடை இல்லீங்க."

சென்னிமலை அவருடைய வெடித்திருந்த உதட்டைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"சந்தைக்கு வர்றதுக்கு முன்னால குதிரைக்கு உப்பைக் குடுத்து, குண்டான் குண்டானாத் தண்ணி காட்டி, வயித்த நெப்பிக் கூட்டியாற ஆளுங்களை முப்பது வருசமாப் பாக்கறேன். தண்ணிய எறக்கிப்போட்டு வந்த ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேனுங்க!"

பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டார். சரியாக ஒரு லிட்டர் பிடிக்கும் பித்தளைச் செம்பு.

"மொதல்ல குடிங்க. வேணும்ங்கற அளவுக்குக் குடிங்க. அப்பறம் தராசு என்ன சொல்லுதோ, அதான் முடிவு."

கிருபாசங்கர் மனைவியின் காதருகே குனிந்தார். "அரைச் செம்போட நிறுத்திரு. எழுவத்தி நாலு எட்டு. குதிரை நம்முளுது."

7

முடிவு ஒன்று: "பந்தலுக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி…" இல்லை, இல்லை.

முடிவு இரண்டு: சென்னிமலை மனம் இளகி, "எடை கெடக்குதுங்க, பாசம் போதும், கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"பாசம்னு சொன்னா அந்தக் குதிரை முதுகுக்கு வலிக்காதாங்க?" என்றாள் வரலட்சுமி. அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று: சண்முகப்பிரியா செம்பைக் கையில் வாங்கி யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். வாழ்க்கை என்பது…

"ஏனுங்க, தொண்டை காஞ்சு நிக்கறா. உங்க யோசனையெல்லாம் அப்பறம். மொதல்ல அவளுக்குத் தண்ணி குடுங்க!"

கொடுத்துவிட்டேன். அது ஒன்றுதான் இந்தக் கதையில் என் முடிவு.

இதோ, செம்பு உயர்கிறது. முதல் மடக்கு இறங்குகிறது. தொண்டை அசைவதை லட்டு காதுகளை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் எழுந்துகொள்கிறேன் வாசகரே, எங்கே நிறுத்துவது என்பது உங்கள் பொறுப்பு. அரைச் செம்பு என்றால் இன்று சாயங்காலமே லட்டு பல்லடத்தில் நிற்கும். போன கிலோக்களும் பின்னாலேயே வந்து, ஒவ்வொன்றாக அதன் முதுகில் ஏறிக்கொள்ளும். முழுச் செம்பு என்றால், சுருட்டிய கயிறு பிரியும். லட்டு தாராபுரம் போகும், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

சீக்கிரம் சொல்லுங்கள். கால் செம்பு போய்விட்டது.