ஜன்னலில் இருந்த கடிகாரம்

குத்துச்சண்டைச் சங்க அலுவலகத்தின் வெளியே ஈனோக் ட்ரிங் தொப்பியை முழங்காலில் வைத்துக் காத்திருந்தான். காலையில் கப்பலுக்குச் சுமந்த நிலக்கரியின் கறுப்பு நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. காசு வாங்காமல் ஆடும் ஹெவிவெயிட் வீரர்களில் இரண்டு வருடமாக லண்டனில் அவனை வென்றவர் இல்லை. அடுத்த மாதம் அமெரிக்கா போகும் அணியில் அவன் பெயர்தான் முதலில் இருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று கனவான்கள்.

"பாப்ளார் பக்கம் ஒரு அடகுக்கடை ஜன்னல்ல ஒரு கடிகாரம் பாத்தேன்," என்றார் செயலாளர். "உம்ம பேரு வெட்டியிருக்கு."

"ஆமாங்கய்யா. போன வருஷம் நீங்க குடுத்த பரிசு."

"பரிசைக் காசாக்கிட்டீரு."

"விக்கலைங்கய்யா. திங்கக்கிழமை வைப்போம், சனிக்கிழமை கூலி வந்ததும் மீட்டுருவோம். எங்க தெருவுல எல்லாரும் ஞாயித்துக்கிழமை போடுற கோட்டை அப்படித்தான் அடகு வைக்கிறாங்க."

"அப்ப கோட்டையே வச்சிருக்கலாமே?"

"உங்க விருந்துக்குக் கோட்டு வேணுங்களேய்யா."

ஒருவர் இருமினார். செயலாளர் விதிப் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தார். பரிசைப் பணமாக்கியவன் காசுக்கு ஆடுபவன். இனி அவனுக்கு எந்தப் போட்டியும் இல்லை.

சனிக்கிழமை அடகுக்கடைக்காரர் பெர்கின் கடிகாரத்தைத் துணியால் துடைத்துக் கொடுத்தார்.

"அடகு சாமான்னு உள்ள போட மனசு வரலப்பா. நம்ம தெரு ஆளு ஜெயிச்சதுன்னு நாலு பேரு பாக்கட்டுமேன்னு ஜன்னல்ல வச்சேன். தெனமும் சாவிகூட குடுத்தேன்."

"பாத்தாங்க," என்றான் ஈனோக். கடிகாரம் சரியான நேரம் காட்டியது.

அணி புறப்படும் நாளில் அதே கப்பலுக்குத்தான் கரி ஏற்றும் வேலை வந்தது. கப்பலுக்கு ஏறும் பலகையில் முன்னால் மூட்டையோடு போன கூட்டாளி சிட் முலின்ஸ் திரும்பிப் பார்த்தான்.

"டேய் சாம்பியன், அமெரிக்காவுக்குப் போறேன்னியே! பாதி தூரம் ஏறிட்டடா!"

"மூடிட்டு நடடா. மூட்டை கனக்குது."

மேல்தளத்தில் மிஸ்டர் ஹார்கோர்ட் தன் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். வசந்தத்தில் ஈனோக் இரண்டாவது சுற்றிலேயே வீழ்த்திய ஆள். இப்போது அவன் இடத்தில் போகிறவர். ஈனோக்கைப் பார்த்ததும் தொப்பியை மரியாதையாக உயர்த்தினார். ஈனோக்கின் இரண்டு கைகளும் மூட்டையைப் பிடித்திருந்தன. அவன் கொட்டிய கரியிலிருந்து தூசி மேலே எழுந்தது. ஹார்கோர்ட் சட்டைக்கையைத் தட்டிவிட்டுக்கொண்டு காற்றடிக்கும் பக்கம் நகர்ந்தார்.